303 வரிகளில் இல்லாத இதயம்

நாலாவது வருஷம் தொடங்கியதும் எந்த டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பை எடுத்தாலும் ஒரு ப்ராஜெக்ட் தலைப்பு கட்டாயம் வந்து விழும்: "மெஷின் லேர்னிங் மூலம் இதய நோயைக் கணித்தல்." உங்க சீனியர் செய்திருப்பார். அவருக்கு சீனியரும் செய்திருப்பார். ரிப்போர்ட்டின் பைண்டிங் கலர் மட்டும் மாறியிருக்கும். உள்ளே இருக்கும் டேட்டா ஒன்றேதான், கிளீவ்லேண்ட் ஹார்ட் டிசீஸ் டேட்டாசெட். 303 பேர், ஆளுக்கு 13 தகவல், கடைசியில் ஒரு விடை. யூ.சி.ஐ. களஞ்சியத்தில் அது ஏறிய வருஷம் 1988. இதை வாசிக்கிற உங்களில் யாரும் அப்போது பிறந்திருக்க மாட்டீங்க.

அந்த டேட்டாசெட்டைக் கிண்டல் பண்றது என் நோக்கம் இல்லை. லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் கற்றுக்கொள்ள அது நல்ல டேட்டா. இரண்டாம் வருஷ லேபுக்கு ரொம்பவே பொருத்தம். பிரச்சினை அந்த டேபிளின் கடைசி காலத்தில்தான் இருக்கு. எக்செல் காலத்தைச் சொல்றேன், பயப்படாதீங்க.

அந்தக் கட்டத்தில் 0 என்றால் நோய் இல்லை. மற்றதெல்லாம் நோய் உண்டு. எதை வைத்து முடிவு செய்தார்கள்? ஆஞ்சியோகிராம் எடுத்து, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். நாம் 85 சதவீதம், 90 சதவீதம் என்று அக்யூரசி போட்டுக் கணிப்பது ஒரு பைப் அடைப்பை. அதுவும் ஒரு நாள் எடுத்த படத்தில் தெரிந்த அடைப்பை. அந்த ரத்தம் போய்ச் சேரவேண்டிய இதயத்தசை என்ன நிலையில் இருந்தது, அந்த நிலைக்கு எப்படி வந்தது என்று அந்த டேபிள் ஒரு வார்த்தையும் சொல்லாது.

நான் சொல்ல வந்தது இதுதான். இதய நோயை 0, 1 என்று பார்க்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். இதயத்தசைச் செல் தன் மேல் விழும் சுமையை வருஷக்கணக்கில் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஏற்பத் தன் ஜீன்களை வாசிக்கும் முறையையே மாற்றிக்கொள்கிறது. ஒரு கட்டம் வரை அந்த மாற்றம் திரும்பக்கூடியது. அதைத் தாண்டினால் கஷ்டம். இந்தத் துறைக்குப் பெயர் எபிஜெனெடிக்ஸ். இதில் நமக்கு நிறைய வேலை இருக்கு. நாமோ 303 வரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரே கோட், வேற வேற கான்ஃபிக்

"பயாலஜி வேண்டாம்னுதானே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தேன்" என்று சொல்றவங்களுக்காக முதலில் ஒரு பக்கம்.

உங்க கண்ணில் இருக்கும் செல்லிலும் தோலில் இருக்கும் செல்லிலும் இதயத்தில் இருக்கும் செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றேதான். சுமார் 20,000 ஜீன்கள், எல்லா இடத்திலும் அதே வரிகள். ஆனால் தோல் செல் துடிக்காது, இதயச் செல் பார்க்காது. சோர்ஸ் கோட் ஒன்றாக இருந்தும் ஓடும் புரோகிராம் வேறாக இருக்கிறது என்றால், வித்தியாசம் கான்ஃபிக் ஃபைலில் இருக்க வேண்டும். அந்த கான்ஃபிக் ஃபைல்தான் எபிஜெனெடிக்ஸ். 'எபி' என்றால் கிரேக்க மொழியில் 'மேலே'. எழுத்தை மாற்றாமல் எழுத்துக்கு மேலே வைக்கும் குறி. 1942-ல் கான்ராட் வாடிங்டன் இந்தச் சொல்லை உருவாக்கியபோது டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாது. சொல் முன்னாடி வந்துவிட்டது, பொருள் பின்னாடி சேர்ந்தது.

குறி எப்படி வைக்கப்படுகிறது? ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். அது இருக்கும் உட்கருவின் விட்டம் சில மைக்ரான்கள்தான். அடைத்துதான் வைக்க முடியும். ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகள் மேல், உருண்டைக்கு 147 எழுத்து வீதம், நூல்கண்டு மாதிரி சுற்றி வைத்திருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் இருக்கும் ஜீனை யாரும் வாசிக்க முடியாது. தளர்ந்திருக்கும் இடத்தை வாசிக்கலாம். ஹிஸ்டோனில் அசெட்டில் என்ற சிறு குறியை ஒட்டினால் சுற்று தளரும். அதை எடுத்துவிட்டால் இறுகும். டி.என்.ஏ. எழுத்தின் மேலேயே மெத்தில் என்ற குறியை ஒட்டி ஒரு பகுதியை நீண்ட காலத்துக்குப் பூட்டவும் முடியும். குறியை எழுதுவதற்கு ஒரு கூட்டம், அழிப்பதற்கு ஒரு கூட்டம், படிப்பதற்கு ஒரு கூட்டம் என்று மூன்று வகைப் புரதங்கள் செல்லுக்குள் ஓயாமல் வேலை செய்கின்றன.

ரீட், ரைட், எரேஸ். இதுக்கு மேலயும் "எனக்கும் பயாலஜிக்கும் சம்பந்தமில்லை"ன்னு சொல்லுவீங்களா?

ரீஸ்டார்ட் இல்லாத மெஷின்

இப்போது இதயத்துக்கு வருவோம். தோல் செல், குடல் செல், ரத்தச் செல் எல்லாம் தேய்ந்து உதிர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. இதயத்தசைச் செல் அப்படியா? ரொம்ப நாளாகப் பதில் தெரியாத கேள்வி இது. 2009-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரீசன் குழு இதற்கு விடை கண்டுபிடித்த விதம் ஒரு நல்ல இன்ஜினியரிங் ஐடியா.

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டு சோதனை நடத்தின. அதனால் காற்றில் கார்பன்-14 அளவு தாறுமாறாக ஏறியது. 1963-ல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு மெதுவாக இறங்கியது. செடி அந்தக் கார்பனை எடுத்தது, செடியை நாம் சாப்பிட்டோம். ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த வருஷத்துக் காற்றின் கார்பன்-14 அளவு பதிவாகிவிடும். ஒவ்வொரு செல்லிலும் டைம்ஸ்டாம்ப்! இறந்தவர்களின் இதயத்தசைச் செல்களில் இந்த அளவை எடுத்துப் பார்த்தார்கள். 25 வயதில் வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டாலும் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இப்போது உங்க நெஞ்சுக்குள் துடித்துக்கொண்டிருக்கும் தசைச் செல்களில் பெரும்பாலானவை நீங்க பிறந்தபோதே இருந்தவை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. ரீஸ்டார்ட் கிடையாது, ரீப்ளேஸ்மெண்ட்டும் கிட்டத்தட்டக் கிடையாது. இப்படிப்பட்ட மெஷினில் கான்ஃபிக் ஃபைல் மாறினால், மாறின கான்ஃபிக்கோடு அதே செல் பல பத்து வருஷம் ஓட வேண்டும்.

சுமை ஏறும்போது உள்ளே நடப்பது

ரத்த அழுத்தம் வருஷக்கணக்கில் அதிகமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக எதிர்ப்பைத் தள்ள வேண்டியிருக்கிறது. செல்கள் எண்ணிக்கையில் கூடமாட்டா, ஆகவே ஒவ்வொரு செல்லும் தடிக்கிறது. அந்தத் தடிப்போடு இன்னொன்றும் நடக்கிறது. கருவில் இருந்தபோது ஓடிய ஜீன் திட்டம், பிறந்தபின் பூட்டி வைக்கப்பட்ட திட்டம், மறுபடி திறக்கிறது.

எலி இதயத்தில் இது தெளிவாகப் பிடிபட்டது. இதயத் தசைக்கு மயோசின் என்ற மோட்டார் புரதம் இரண்டு மாடலில் உண்டு. ஆல்ஃபா வேகமானது, பீட்டா மெதுவானது, சிக்கனமானது. கருவில் இருக்கும் எலிக்கு பீட்டா, வளர்ந்த எலிக்கு ஆல்ஃபா. 2010-ல் ஸ்டான்ஃபோர்டில் சிங்-பின் சாங் குழு கண்டது: பிஆர்ஜி1 என்ற புரதம் நூல்கண்டுகளை நகர்த்தி வைத்து, கருவில் பீட்டாவைத் திறந்தும் ஆல்ஃபாவைப் பூட்டியும் வைக்கிறது. வளர்ந்த இதயத்தில் அது ஓய்ந்துவிடுகிறது. இதயத்தின் மேல் அழுத்தத்தை ஏற்றினால் மறுபடி எழுந்து வந்து பழைய வேலையைத் தொடங்குகிறது. அதை எழவிடாமல் தடுத்த எலிகளில் இதயத் தடிப்பு குறைந்தது.

மனித இதயத்தில் பீட்டா ஏற்கனவே பெரும்பான்மை. அதனால் எலிக் கதையை அப்படியே நமக்கு ஒட்டிவிட முடியாது. ஆனால் கரு காலத் திட்டம் திறப்பது நம் இதயத்திலும் நடக்கிறது. அதற்கான அடையாளம் பக்கத்து லேபிலேயே கிடைக்கும். இதயச் செயலிழப்பு சந்தேகம் வந்தால் டாக்டர் "என்டி-புரோ-பிஎன்பி" என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார். பிஎன்பி, சுமையில் தவிக்கும் இதயச் செல் அதிகமாகச் செய்யத் தொடங்கும் புரதம். அதன் ஜீன் அந்தக் கரு காலத் திட்டத்தில் ஒன்று. பூட்டு திறந்திருக்கிறது என்பதை ரத்தத்தில் வைத்து அளக்கிறார்கள்.

சரி, வெளியே இருக்கும் அழுத்தம் உட்கருவுக்குள் எப்படித் தெரிகிறது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இதயச் செல் சுருங்க கால்சியம் வேண்டும். சுமை நீடித்தால் கால்சியம் சிக்னலும் நீடிக்கிறது. அதை உணரும் கைனேஸ் என்ற புரதங்கள் விழிக்கின்றன. உட்கருவுக்குள் எச்.டி.ஏ.சி. என்ற குடும்பத்தைச் சேர்ந்த சில புரதங்கள், வளர்ச்சி ஜீன்களை முடுக்கும் மெஃப்2 என்ற ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு காவல் இருக்கின்றன. கைனேஸ் வந்து அந்தக் காவலாளியின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. காவலாளி உட்கருவை விட்டு வெளியே போகிறார். ஸ்விட்ச் விடுபடுகிறது, ஜீன் திறக்கிறது. 2002-ல் டல்லாஸில் எரிக் ஆல்சன் குழு இந்தக் காவலாளிகளில் ஒருவரான எச்.டி.ஏ.சி.9 இல்லாத எலிகளை உருவாக்கியது. அழுத்தம் ஏற்றியபோது அவற்றின் இதயம் மற்ற எலிகளைவிட மிக அதிகமாகத் தடித்தது.

சென்சார், சிக்னல், கன்ட்ரோலர், ஆக்சுவேட்டர். அஞ்சாவது செமஸ்டர் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நாம் போடும் பிளாக் டயக்ராமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுதான். இந்த லூப் இன்புட்டின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு நாள் வந்தது, எந்த மாதிரி வந்தது என்றும் பார்க்கிறது. தினமும் ஓடும் ஒருவரின் இதயமும் தடிக்கும். ஆனால் அங்கே சுமை வந்து போகிறது, வேறு சிக்னல் பாதை வேலை செய்கிறது, கரு காலத் திட்டம் திறப்பதில்லை, பயிற்சியை விட்டால் தடிப்பும் குறைகிறது. கட்டுப்படாத ரத்த அழுத்தத்தில் சுமை 24 மணி நேரமும் இருக்கிறது. பம்ப் ஒன்றுதான், லோடு ஹிஸ்டரி வேறு.

ஆகவே, செயலிழக்கும் இதயத்தை "ரிப்பேர் ஆன பம்ப்" என்று பார்ப்பது பாதிப் பார்வைதான். அந்தச் செல் தனக்கு வந்த சிக்னலுக்குத் தன்னிடம் இருக்கும் விதிப்படி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிக்னல் நிற்கவில்லை, அதனால் பதிலும் நிற்கவில்லை. அந்தப் பதிலே கடைசியில் செல்லைத் தின்றுவிடுகிறது.

"அப்போ கான்ஃபிக்கை மாத்திடலாமே?"

இன்ஜினியர் மூளைக்கு அடுத்ததாக இதுதான் தோன்றும். தோன்றட்டும். ஆனால் இந்த இடத்தில்தான் யூடியூப் ஆட்களும் உள்ளே நுழைகிறார்கள். "உங்கள் ஜீனை நீங்களே ரீபுரோகிராம் செய்யலாம்" என்று பவுடர் விற்கிறார்கள். உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம்.

குறிகளைப் படிக்கும் புரதங்களில் முக்கியமானது பிஆர்டி4. ஜேக்யூ1 என்ற மூலக்கூறு அதைத் தடுக்கும். 2021-ல் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் தீபக் ஸ்ரீவாஸ்தவா குழு, இதயச் செயலிழப்பு வந்த எலிகளுக்கு இதைக் கொடுத்தது. இதயத்தில் தழும்பு உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அடங்கின. மருந்தை நிறுத்தியதும் மறுபடி கிளம்பின. மருந்து கொடு, நிறுத்து என்று ஸ்விட்ச் போல மாற்றி மாற்றிப் பார்த்து, மியோக்ஸ்1 என்ற ஜீன் அந்த மாற்றத்தில் முக்கியப் பங்கு வகிப்பதைக் கண்டுபிடித்தார்கள். நோய் நிலை திரும்பக்கூடியது என்பதற்கு இது அழகான சாட்சி.

சந்தோஷப்படறதுக்கு முன்னாடி இதையும் கேளுங்க. அதே பிஆர்டி4-ஐ வளர்ந்த எலியின் இதயத்தசைச் செல்லில் இருந்து முழுதாக நீக்கிப் பார்த்த ஆய்வுகள் 2020-ல் வந்தன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கான ஜீன்கள் அடங்கிப்போய், எலிகளின் இதயம் வேகமாகச் செயலிழந்தது. பக்கத்துப் பக்கத்துச் செல்கள், ஒரே புரதம். ஒன்றில் அது வில்லன், இன்னொன்றில் அது இல்லாமல் வாழவே முடியாது.

மனிதர்களிடம்? அதே குடும்பப் புரதங்களைத் தடுக்கும் அபாபெட்டலோன் என்ற மாத்திரையை, சர்க்கரை நோயோடு சமீபத்தில் மாரடைப்பு போன்ற தீவிர இதயப் பாதிப்பும் வந்த 2,425 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களில் 10.3 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12.4 சதவீதத்தினருக்கும் இதயத்தால் மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புள்ளியியல்படி இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், பி-மதிப்பு 0.11. மருந்து தேர்வில் பாஸாகவில்லை. 2,425 பேரை வைத்து நடத்திய சோதனையே இவ்வளவு அடக்கமாகப் பேசும்போது, பவுடர் டப்பாவில் "ஜீன் ஆக்டிவேட்டர்" என்று எழுதி விற்பவரை நீங்க எந்த இடத்தில் வைக்கணும்னு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பொறியும் இருக்கு. எபிஜெனெடிக் குறி ஒவ்வொரு செல் வகைக்கும் வேறு. ரத்தத்தில் எடுத்த குறி ரத்தச் செல்லின் கதையைச் சொல்லும். தொடைத் தசையில் உடற்பயிற்சி குறிகளை மாற்றுகிறது என்று காட்டியிருக்கிறார்கள், அது தொடைத் தசையின் கதை. உயிரோடு இருப்பவரின் இதயத்தில் இருந்து நினைத்த நேரத்தில் துண்டு வெட்டி எடுக்க முடியாது. எங்கோ எடுத்த குறியைக் காட்டி "உங்க இதயம் இப்படி" என்று எவராவது ரிப்போர்ட் கொடுத்தால், சாம்பிள் எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்க.

"எங்க குடும்பத்துக்கே ஹார்ட் ப்ராப்ளம், விதி"

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. "தாத்தாவுக்கு வந்தது, அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வரும்" என்று இருபது வயதிலேயே கையை விரிப்பது. நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம்.

இதயத்தசைக்கு வேண்டிய மைபிபிசி3 என்ற ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் அதில் பங்கெடுத்தார்கள். இந்த வடிவம் இருப்பவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். 60 பேர் இருக்கும் ஒரு வகுப்பில் இரண்டு பேரிடம் இருக்கலாம்.

ஆனால் இதே எழுத்துப் பிழையோடு நடுவயது வரை எந்த அறிகுறியும் இல்லாமல் வாழ்பவர்களும் நிறைய. மற்ற ஜீன்கள், ரத்த அழுத்தம், வயது, வாழ்க்கைமுறை எல்லாம் சேர்ந்துதான் யாருக்கு எப்போது என்பதை முடிவு செய்கின்றன. எபிஜெனெடிக்ஸ் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து மட்டுமே காரணம் என்பது தவறு என்கிறேன்.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாட்டினருக்கு 59 என்று வந்தது. ஆறு வருஷம் முன்னாடி. அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணமாக அந்த ஆய்வு காட்டியது புதிரான ஜீனை இல்லை. புகை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாம் அளக்கக்கூடிய விஷயங்கள் நமக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுவதைத்தான்.

53-ல் வரும் மாரடைப்பு 52-ல் தொடங்குவதில்லை. ஹாஸ்டலில் இருக்கும் வருஷங்களும் அந்தக் கணக்கில் சேரும்.

என்ன செய்யலாம்னு கேட்டா

நம்மைப் போன்றவர்களால் இதில் என்ன ஆகும் என்பவர்களுக்கு ஒரு சம்பவம். லண்டனுக்கு அருகே ஹேர்ஃபீல்ட் மருத்துவமனையில், இதயம் கடுமையாகச் செயலிழந்த 15 பேருக்கு இயந்திரப் பம்ப் பொருத்தி, கூடவே மருந்தும் கொடுத்தார்கள். மாற்று இதயம் கிடைக்கும் வரை உயிரைப் பிடித்து வைக்க உருவான கருவி அந்தப் பம்ப். ஆனால் 15 பேரில் 11 பேரின் சொந்த இதயம் தேறி, பம்ப்பைக் கழற்றிவிட முடிந்தது. முடிவு 2006-ல் வெளியானது. அடைப்பு காரணமாக இல்லாமல் வேறு வகையில் செயலிழந்த இதயங்கள் அவை, தேர்ந்தெடுத்த நோயாளிகள், எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனாலும் பாடம் தெளிவு. இன்ஜினியர்கள் கட்டிய பம்ப் சுமையை இறக்கியது. சுமை இறங்கியதும் செல்கள் தங்களைத் திருத்திக்கொள்ளத் தொடங்கின.

மெக்கானிக்கல்காரர்களுக்கு: இதயத்தசையின் விறைப்பு சுமார் 10 கிலோபாஸ்கல். மாரடைப்புக்குப் பின் வரும் தழும்பு அதைவிடப் பல மடங்கு விறைப்பு. அந்த விறைப்பில் வளர்த்த கரு நிலை இதயச் செல்கள் துடிப்பதைக் கைவிடுகின்றன என்று 2008-லேயே காட்டிவிட்டார்கள். பொருளின் விறைப்பு செல்லின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பது அப்பட்டமான மெக்கானிக்ஸ் கேள்வி.

ஈ.சி.ஈ., பயோமெடிக்கல்காரர்களுக்கு: ஒரு தடவை எடுத்த ரத்த அழுத்தம் ஒரு புள்ளி. செல் பார்ப்பது முழுக் கோடு. இரவும் பகலும் தொந்தரவில்லாமல், நம்பகமாக, மலிவாக ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி இன்னும் எளிதான விஷயம் இல்லை. இன்னொரு ஆர்டுயினோ பல்ஸ் மீட்டருக்குப் பதில் இதில் ஒரு சின்னப் பகுதியையாவது எடுங்க.

சி.எஸ்.ஈ., ஐ.டி.காரர்களுக்கு: 2020-ல் ஹார்ட் செல் அட்லஸ் வந்தது. 14 பேர் தானம் செய்த இதயங்கள், இதயத்தின் ஆறு பகுதிகள், கிட்டத்தட்ட 5 லட்சம் செல்கள், ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன் வாசிக்கப்படுகிறது என்ற தகவல். 2023-ல் அதன் தொடர்ச்சியாக, எந்த இடத்தில் டி.என்.ஏ. திறந்திருக்கிறது என்ற தகவலும் சேர்ந்தது. எல்லாம் இலவசம், டவுன்லோட் செய்துகொள்ளலாம், பைத்தானில் திறக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். 5 லட்சம் செல் என்றதும் ரேண்டமாக 80-20 என்று பிரித்துவிடாதீங்க. ஒரே ஆளின் செல்கள் ட்ரெயினிங்கிலும் டெஸ்டிலும் போய் உட்காரும், அக்யூரசி 99 வரும், அது பொய். ஆளை வைத்துப் பிரிக்கணும். அப்படிப் பார்த்தால் உங்களிடம் இருப்பது 5 லட்சம் இல்லை, 14. இந்த ஒரு விஷயம் புரிந்தாலே ரிப்போர்ட்டில் எழுத ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும்.

"இதெல்லாம் கஷ்டம் ப்ரோ, ப்ராஜெக்ட் மார்க்குக்குத்தானே" என்பது நியாயமான பதில்தான். ப்ளேஸ்மெண்ட் ஓடிக்கொண்டிருக்கும், கைடுக்கும் பழகின தலைப்புதான் வசதி. ஆனால் செலவாகப்போவது அதே லேப்டாப், அதே ஆறு மாசம். ஏற்கனவே ஆயிரம் பேர் கண்டுபிடித்த விடையை ஆயிரத்தோராவது ஆளாகக் கண்டுபிடிப்பதில் யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது? விடை வராவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும். இன்டர்வியூவில் அந்த ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்கும்போது பத்து நிமிஷம் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

டேட்டா எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாரம் காலேஜ் டிஸ்பென்சரிக்குப் போய் ரத்த அழுத்தத்தைப் பாருங்க. 140/90-ஐத் தொட்டால் ஒன்றிரண்டு முறை மறுபடி பாருங்க, அப்பவும் அதேன்னா டாக்டரைப் பாருங்க. வலிக்காது, தெரியாது, அதனால்தான் பார்க்கச் சொல்றேன். சிகரெட் பிடிப்பவர்களின் ரத்தச் செல்லில் ஏஎச்ஆர்ஆர் என்ற ஜீனின் மெத்தில் குறி குறைந்துபோயிருக்கும். விட்டவர்களிடம் அது வருஷக்கணக்கில் மெதுவாகத் திரும்பி வருகிறது. ரத்தச் செல்லுக்கு அந்தச் சலுகை உண்டு, அது புதிது புதிதாகப் பிறக்கும். உங்க இதயத்தசைச் செல்லில் வருஷத்துக்கு நூற்றில் ஒன்றுதான் மாறும். மிச்சம் 99-ம் இன்றைக்கு நடப்பதோடுதான் நாளைக்கும் வேலை பார்க்கப்போகின்றன.

டைட்டில் சப்மிஷனுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.